சாரண ஆசிரியருக்கு யார் பாடம் எடுப்பது?

2025 ஜனவரி 28-ஆம் தேதி தொடங்கி பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர், வரிசை வரிசையாகக் கூடாரங்கள், பல மாநிலக் கொடிகள், வெளிநாட்டுக் குழுக்கள் என்று அந்த வாரம் முழுவதும் நாளிதழ்களில் படங்கள் வந்தன. நிறைவு விழாவில் மாநிலத் தலைமையகம் ஒன்று பயிற்சி வசதிகளோடு ரூ.10 கோடியில் கட்டப்படும் என்று முதல்வர் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் அத்தனை பிள்ளைகளையும் ரயிலேற்றிக் கூட்டிவந்து, வேளாவேளைக்குச் சாப்பிட வைத்து, இரவில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போன பெரியவர்களைப் பற்றி அந்தச் செய்திகளில் அநேகமாக எதுவும் இல்லை. பிள்ளைகள் வாங்கும் விருதுகளுக்குக் கணக்கு இருக்கிறது. அவர்களை நடத்திச் செல்லும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் என்ன படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தார்கள் என்று பெற்றோரும் கேட்பதில்லை, பள்ளிகளும் சொல்வதில்லை. அதற்கு முன் தமிழ்நாட்டில் இந்த இயக்கம் பெரிய அளவில் பேசுபொருளானது 2017 செப்டம்பரில். அதுவும் மாநிலத் தலைவர் பதவிக்கு ஓர் அரசியல்வாதி போட்டியிட்டுத் தோற்றதற்காக. நம் கவனம் எங்கே போகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு பள்ளியில் சாரணர் குழு தொடங்க வேண்டும் என்று முடிவாகிறது. உடற்கல்வி ஆசிரியரையோ, புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியையையோ தலைமையாசிரியர் கூப்பிட்டு, "நீங்க பார்த்துக்கோங்க சார்" என்கிறார். இயக்கத்தின் விதிப்படி அப்படிப் பொறுப்பேற்பவர் முதலில் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். திரும்பி வந்து சில மாதங்கள் குழுவை நடத்திய பிறகு உயர்நிலைப் பயிற்சிக்கு இன்னொரு ஏழு நாள். அதற்கும் அப்பால், கொடுக்கப்பட்ட பணிகளைக் களத்தில் செய்து காட்டினால் 'ஹிமாலயா உட் பேட்ஜ்' என்ற தகுதி கிடைக்கும். குருளையர், நீலப்பறவையர், சாரணர், சாரணியர், திரிசாரணர் என்று பிள்ளைகளின் வயதுக்கேற்பப் பயிற்சியும் பிரிகிறது, ஏனென்றால் ஏழு வயதுப் பிள்ளையை நடத்தும் முறை பதினைந்து வயதுப் பையனிடம் செல்லாது. இந்த ஏணியின் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே இருக்கும் மாதங்கள்தான் மிக முக்கியமானவை. முகாமில் கேட்டதைச் சொந்தக் குழுவில் செய்து பார்த்து, எது ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்தக் கேள்விகளோடு மறுபடி பயிற்சிக்குப் போகும் ஏற்பாடு இது. அரசு அலுவலகங்களில் ஒருநாள் கூட்டி, தேநீர் கொடுத்து, சான்றிதழோடு அனுப்பிவைக்கும் பயிற்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில், சாரண இயக்கத்தை நிறுவிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு சோதனை முகாம் நடத்தினார். அடுத்த ஆண்டு அவருடைய புத்தகம் வெளிவந்ததும், யாருக்கும் காத்திராமல் பையன்களே அணி அணியாகச் சேர்ந்துவிட்டார்கள். தட்டுப்பாடு பெரியவர்களுக்குத்தான். பத்து ஆண்டுகளுக்கு மேல் அனுபவத்தை மட்டுமே நம்பி ஓட்டிய பிறகு, 1919 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்களுக்கான முதல் பயிற்சி முகாம் நடந்தது. அங்கே வந்தவர்கள் சொற்பொழிவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வளர்ந்த ஆண்கள் ஆறேழு பேர் கொண்ட அணிகளாகப் பிரிந்து, கூடாரம் அடித்து, விறகு பொறுக்கி, சமைத்து, தங்களில் ஒருவரின் தலைமைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள். தேறியவர்களுக்குத் தோல் கயிற்றில் கோத்த இரண்டு மர மணிகள் கிடைத்தன. ஜூலு மன்னர் டினுசுலுவின் மாலையிலிருந்து வந்தவை என்று இயக்கம் காலங்காலமாகச் சொல்லிவரும் மணிகள் அவை. அந்த மாலை பேடன் பவல் என்ற வெள்ளை ராணுவ அதிகாரியின் கைக்கு வந்து சேர்ந்த கதை பெருமைப்படத்தக்கதல்ல. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பெரியவரைச் சில நாள் பிள்ளையின் இடத்தில் உட்காரவைப்பது என்ற அந்த யோசனை நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. நம் ஊரும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. இந்தியப் பையன்களைச் சாரணர்களாகச் சேர்த்துக்கொள்ள ஆங்கிலேயர்கள் தயங்கிய காலத்தில், 1916-இல் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார்கள். பல பிரிவுகளாக இருந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ஆம் தேதி ஒன்றிணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. சில ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசியப் பயிற்சி மையம் வந்தது.

ஆசிரியர்களிடமிருந்து வரும் முதல் மறுப்பு நியாயமானது போலவே ஒலிக்கும். "பி.எட். படித்திருக்கிறோம், நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் கட்டி மேய்க்கிறோம், எங்களுக்கு எதற்கு இன்னொரு பயிற்சி?" வகுப்பறையில் நாற்பது பேரை அமைதியாக உட்காரவைக்கும் திறமை பெரிய திறமைதான். ஆனால் சாரணர் குழு கேட்பது ஏறக்குறைய அதற்கு எதிரானது. ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அணித் தலைவனும் ஒரு பிள்ளைதான். முகாமில் யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது, தப்புச் செய்தவனை என்ன செய்வது என்றெல்லாம் அணித் தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். சாம்பார் தீய்ந்தாலும் ஆசிரியர் கரண்டியைப் பிடுங்கக் கூடாது. கூடாரக் கயிறு தவறான முடிச்சில் இருப்பது தெரிந்தாலும், ஆபத்தில்லை என்றால் அது அவிழும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆபத்து உண்டென்றால் ஒரு நொடியும் பொறுக்கக் கூடாது. இரண்டுக்கும் வேறுபாடு காண்பதுதான் பயிற்சியின் உட்பொருள். நம் பள்ளி மரபில் ஆசிரியர் சொல்வார், பிள்ளை கேட்கும். அந்தப் பழக்கம் அப்படியே சீருடை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டால், சாரணர் குழு என்பது சுதந்திர தினத்தன்று அணிவகுத்து நடக்கவும், விருந்தினர் வரும்போது வாசலில் இரண்டு வரிசையாக நிற்கவும் பயன்படும் படையாகிவிடுகிறது. பல பள்ளிகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பதை எந்த ஆண்டு விழாவுக்குப் போனாலும் பார்க்கலாம். முடிச்சும் முதலுதவியும் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் புத்தகத்தில் கற்க முடியாது.

கையைக் கட்டிக்கொள்வது என்றால் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுப்பது மட்டுமல்ல. தன் அதிகாரத்துக்குத் தானே எல்லை போட்டுக்கொள்வதும் அதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. சிறுமிகள் பள்ளிக் கட்டடத்திலேயே தங்கவைக்கப்பட்டார்கள். முகாமில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள்; மேலும் சிலருக்கும் தொல்லை தரப்பட்டது. விசாரித்தபோது அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது என்றும், முகாம் நடத்த வந்தவர்களுக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும் தெரிந்தது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகிகளும் கைதானார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. காக்கி உடையும் விசிலும் கட்டளைக் குரலும் இருந்தால் போதும், வந்தவர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. உண்மையான என்.சி.சி.யில் பள்ளி கல்லூரி ஆசிரியர்கள் அதிகாரியாக வேண்டுமென்றால், ஆண்கள் நாக்பூர் அருகே காம்ப்டியிலும் பெண்கள் குவாலியரிலும் உள்ள பயிற்சிக் கழகங்களுக்குப் போய்வர வேண்டும். "எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்ற ஒரே கேள்வி வாசலிலேயே அந்தப் போலிகளைத் தடுத்திருக்கும்.

இங்கே இரண்டாவது மறுப்பு எழும், இது முதலாவதைவிடக் கனமானது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழையும் வாங்கிவிடுவானே, ஏழு நாள் முகாம் அவனைத் திருத்திவிடுமா? திருத்தாது. அமெரிக்கச் சாரணர் அமைப்பின் கதை அதற்குச் சாட்சி. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ததாக நீக்கப்பட்ட தன்னார்வலர்களின் கோப்புகளை அந்த அமைப்பு பல பத்தாண்டுகளாகத் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தது. ஒரிகான் மாநில நீதிமன்ற உத்தரவால் 2012-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு போட்டது. சிறுவயதில் பாதிக்கப்பட்டதாக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். சுமார் 246 கோடி டாலர் மதிப்பிலான தீர்வுத் திட்டத்தோடு 2023-இல்தான் திவால் நிலையிலிருந்து மீண்டது. சாரண உலகிலேயே பணமும் ஆள்பலமும் மிகுந்த அமைப்புகளில் ஒன்று அது. அங்கே குறைவாக இருந்தது காட்டுக் கலைப் பயிற்சி அல்ல. ஒரு பெரியவர் தப்பு செய்யும்போது பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவும், அதைச் செய்யும் துணிவும்தான். ஆகவே பாதுகாப்புப் பயிற்சி கெட்டவனுக்காக நடப்பதல்ல. அவனைச் சுற்றியிருக்கும் பத்து நல்லவர்களுக்காக நடப்பது. எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனித்திருக்கக் கூடாது, முகாமில் எப்போதும் இரண்டு பெரியவர் இருக்க வேண்டும், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது, சிறுமிகள் போனால் பெண் பொறுப்பாளர் கட்டாயம் போக வேண்டும் என்ற விதிகள் அத்தனையும் இரண்டாவது ஆளை நம்பி எழுதப்பட்டவை. அந்த இரண்டாவது ஆளுக்கு எதைக் கவனிப்பது என்றே தெரியாவிட்டால் விதி தாளில் தூங்கும்.

நம் சட்டமும் அந்த இரண்டாவது ஆளிடம்தான் பேசுகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவின்படி, பிள்ளைகள் மீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழ் இருப்பவரைப் பற்றி மறைத்தால் ஓராண்டு வரை. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்" என்று நல்ல எண்ணத்தோடு சொல்கிற ஆசிரியரும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிதான். இது எத்தனை தன்னார்வலருக்குத் தெரியும்? 2020-இல் வந்த போக்சோ விதிகள் பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அவர்களுக்கு அவ்வப்போது குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், ஆசிரியர், ஆசிரியரல்லாதவர் என்று நீளும் அந்த வரியில் தன்னார்வலர் என்ற சொல் இல்லை. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகிறவரும் அதே வரிக்குள் வர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

சம்பளம் இல்லாமல் வருகிறவரிடம் இவ்வளவு கேட்டால் யார் வருவார்கள் என்பது அடுத்த கவலை. அதற்குத் துணையாக ஒருவர் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைக் காட்டக்கூடும். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலைத் தமிழ்நாட்டு கிராமப்புறப் பிள்ளைகள் எவ்வளவு மீட்டார்கள் என்று அளந்த பொருளியலாளர்களின் ஆய்வு, அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று மதிப்பிட்டது. அந்தத் தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது குறுகிய பயிற்சிதான். அப்படியென்றால் நீண்ட பயிற்சி வீணா? அந்தப் பெண்கள் கற்பித்தது தங்கள் தெருவில், மாலையில் ஒன்றரை மணி நேரம், அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே, அரசு அச்சிட்டுத் தந்த பாடத்தை வைத்து. வேலையின் எல்லை குறுகியது. அதற்கேற்ற பயிற்சி போதுமானதாக இருந்தது. நாற்பது பிள்ளைகளோடு காட்டோரத்தில் மூன்று இரவு தங்குவது வேறு வேலை. பாம்பு, காய்ச்சல், ஆற்று நீர், வீட்டு நினைப்பில் அழும் பிள்ளை, அடித்துக்கொள்ளும் இரண்டு பையன்கள் என்று எதுவும் அச்சிட்ட தாளில் முன்கூட்டி வராது. இரண்டு லட்சம் பேர் காட்டிய பாடம் உண்மையில் வேறொன்று: பள்ளி ஆசிரியர் அல்லாதவர்களிடமும் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கும் மனமும் தகுதியும் நிறைய இருக்கின்றன. வேலையின் அளவு தெரிந்து, அதற்கேற்ற பயிற்சியும் தந்தால் வருகிறார்கள்.

அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க, சென்னைப் புறநகரான திருமழிசையை எடுத்துக்கொள்வோம். ஆழ்வார் பிறந்த ஊர். சிட்கோ தொழிற்பேட்டையை அடுத்த ஊர். 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாகக் குடிவந்தபோது சென்னை முழுவதும் பெயர் தெரிந்த ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பூந்தமல்லிக்கும் குத்தம்பாக்கத்துக்கும் நடுவே வேகமாக வளரும் இப்படிப்பட்ட பேரூராட்சியில் பிள்ளைகளின் மாலை நேரத்துக்கு டியூஷனும் செல்போனும் தவிர வேறு போக்கிடம் குறைவு. தொழிற்சாலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே அணியில் கயிறு கட்டிப் பழக இதைவிட நல்ல இடம் எது? ஆனால் நம் மாநிலத்தில் சாரணர் குழு என்றால் பெரும்பாலும் பள்ளிக் குழுதான். பொறுப்பாசிரியர் மாறுதலில் போனால் குழுவும் படுத்துவிடும். சீருடை, பயிற்சிச் சான்றிதழ், அனுபவம் எல்லாம் அவரோடு வேறு ஊருக்குப் போய்விடும். ஆவடி, அம்பத்தூர், திருமழிசைப் பக்கம் வேறு விதமான ஆள்பலம் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்றவர்கள், முதலுதவியும் பாதுகாப்பு ஒழுங்கும் தொழிலாகவே பழகிய தொழிற்சாலை ஊழியர்கள், பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்துப் பழகியவர்கள். ஊரை விட்டுப் போகாத இவர்கள் ஊர்ப் பொதுக் குழுக்களை நடத்தலாம். ஆசிரியர் மாறினாலும் குழு நிற்கும்.

அவர்களுக்குப் பயிற்சி எட்டுவதில்தான் சிக்கல். தொடர்ந்து ஏழு நாள் வீட்டை விட்டுத் தங்க ஓய்வு பெற்றவருக்கு முடியலாம். ஷிப்டில் வேலை பார்ப்பவருக்கு விடுப்பு கிடைக்காது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. ஏழு நாளைக் குறைத்துவிடலாமா என்றால், கூடாது. சேர்ந்து தங்குவதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். ஆனால் தொடர்ச்சியாகத்தான் தங்க வேண்டும் என்றில்லை. பாதுகாப்பு, சட்டம், முதலுதவி, பிள்ளைகளின் வயது இயல்பு ஆகியவற்றை உள்ளூரிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டு, முகாம் வாழ்க்கைக்கு மட்டும் இரண்டு மூன்று வார இறுதிகளை ஒதுக்கலாம். பயிற்சியைப் பெரிய ஊரிலிருந்து கிராமத்துக்கு இறக்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே முன்னுதாரணம் உண்டு. குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ 2001-இல் ஊராட்சித் தலைவர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கினார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவருக்கே ஊரை நடத்தப் பயிற்சி வேண்டும் என்றால், ஊரார் பிள்ளைகளை நடத்த வருகிறவருக்கு வேண்டாமா? அதற்குப் பேரூராட்சி மண்டபமும், விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் அரசுப் பள்ளியும், மணிகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கும் நான்கு மூத்த பயிற்றுநர்களும் போதும்.

சான்றிதழ் வாங்குவதற்காகவே வருகிறவர்கள் உண்டே, பதவி உயர்வுக் கோப்பில் ஒரு தாள் கூடுகிறது என்பதற்காக வருகிறவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. மாணவர்களின் ராஜ்ய புரஸ்கார் விருதே சில பள்ளிகளில் மதிப்பெண் போல் துரத்தப்படும்போது ஆசிரியர்கள் மட்டும் விதிவிலக்காக இருப்பார்களா? இதற்கு மருந்து முகாமுக்குள் இல்லை. முகாமுக்குப் பிறகு இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி முடித்தவர் ஆறு மாதம் கழித்தும் குழு நடத்துகிறாரா, அணிக் கூட்டம் பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று மாவட்டப் பயிற்றுநர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாலே பாதிச் சான்றிதழ்கள் தாமாக அர்த்தம் பெறும், மீதி அம்பலமாகும். ரூ.10 கோடிக் கட்டடத்தில் எத்தனை அறை இருக்கிறது என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை பேர் அங்கே பயிற்சி பெற்றுத் தங்கள் ஊரில் குழுவை ஓராண்டுக்கு மேல் நடத்தினார்கள் என்ற கணக்குதான் அந்தப் பணம் உருப்படியாகச் செலவானதா என்பதைச் சொல்லும். இயக்கம் அந்தக் கணக்கை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முகாமுக்குப் பணமும் கையெழுத்தும் கேட்டுப் பள்ளியிலிருந்து தாள் வரும்போது, கூடப் போகும் பெரியவர்கள் யார் யார், அவர்கள் எந்தப் பயிற்சியை எந்த ஆண்டு முடித்தார்கள், இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், பெண் பொறுப்பாளர் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். கேட்டதற்குக் கோபம் வந்தாலோ, பதில் வராவிட்டாலோ, அந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.